துணைக்கு வந்தவள்

விசாரணைக் குழுவின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அவன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். தலை மெல்லச் சாய்ந்து சுவரில் இடிக்கும். திடுக்கிட்டு விழித்துச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வான். மறுபடி சாய்வான். இதே பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளை ராத்திரி முழுக்கக் கூட்டித் துடைத்துவிட்டு, கழிப்பறையிலேயே முகம் கழுவி, இரவல் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். கைகளில் இன்னும் தரை துடைக்கும் மருந்தின் நெடி.

"டேய் ராக்கோழி, உள்ள போயும் கொட்டாவி விட்டுத் தொலைக்காத," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"விட்டா நல்லதுதானேக்கா? கண்ணாலயே பாத்துக்குவாங்க. நான் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதில்ல."

ராக்கோழி என்பது அவனோடு படிக்கிறவர்கள் வைத்த பெயர். அவள் ஆராய்ச்சி மாணவி. மிச்ச நேரத்தில் மாணவர் உதவி மையத்தில் வேலை. படிப்பில் பின்தங்கியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள், எந்த அதிகாரியை எப்படிப் பார்ப்பது என்று வழிகாட்டுவாள். அதற்காக அவளுடைய ஆராய்ச்சிக் கட்டணம் தள்ளுபடி. மையத்தின் தலைவியான மேடம் வருஷா வருஷம் சரி என்று தலையசைத்தால்தான் அது தொடரும்.

அவன் வேலை முடிகிற நேரமும் முதல் வகுப்பு தொடங்குகிற நேரமும் ஒன்று. கடைசி அறையைப் பார்வையிடாமல் மேற்பார்வையாளர் ஆளை விடமாட்டார். அவன் மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் வருகைப் பதிவு முடிந்திருக்கும். வருகை குறைந்ததால் பரீட்சை எழுத விடவில்லை. இந்தக் குழு மனம் வைக்காவிட்டால் படிப்பே போய்விடும்.

முந்தின நாள் அவன் வேறு யோசனையோடு வந்திருந்தான். "மஞ்சக் காமாலைன்னு சொல்லிடறேன்க்கா. டாக்டர் சீட்டு வாங்கித் தர ஆள் இருக்கு."

"பொய்ச் சீட்டுன்னு தெரிஞ்சா மொத்தமும் போச்சு. உள்ளதச் சொல்லு. அவங்களும் மனுஷங்கதானே?"

சொன்னபோது அவள் அதை முழுசாக நம்பினாள்.

உள்ளே மூன்று பேர். ஓரமாக மேடம். துணைக்கு வந்தவள் தாங்கள் கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் சொல்லிக்கொடுத்தபடியே அவன் உள்ளதைச் சொன்னான். அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தது, அதற்குப் பிறகு வீட்டில் இவன் சம்பளம் மட்டும்தான் என்பது, மேற்பார்வையாளர், ஓட்டம், எல்லாம்.

நடுவில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "உடம்பு சரியில்லன்னா அதுக்கு விதியில இடம் இருக்கு தம்பி. வேலைக்குப் போறது நீயா எடுத்த முடிவு. படிக்கிற பையன் ராத்திரி முழுக்க வேலை பாக்க அனுமதியே கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ஆரம்பத்துலயே மையத்துல சொல்லி உதவி கேட்டிருந்தா, அத வச்சு நாங்க ஏதாவது பண்ணலாம். யார்கிட்டயாவது சொன்னியா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவன் அவளிடம் சொல்லியிருந்தான். கேட்டவுடனே அவள் மேடத்திடம் தெரிவித்திருக்க வேண்டும், அதுதான் மையத்தின் விதி. 'சொல்லிடாதீங்கக்கா, வேலை போயிடும்' என்று கெஞ்சினான். அவளும் விட்டுவிட்டாள். இப்போது அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

நடுவில் இருந்தவரே அவளிடம் திரும்பினார். "உங்ககிட்ட சொன்னானாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"இல்ல சார். இப்பதான் எனக்கும் தெரியும்."

மேஜைக்கடியில் அதுவரை ஆடிக்கொண்டிருந்த அவன் கால் நின்றது.

வெளியே வந்ததும், "கோபமாடா?" என்றாள்.

"போங்கக்கா. நீங்களும் வேலைய வச்சுத்தானே படிக்கிறீங்க." வாயைப் பிளந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். "இப்ப விடலாமில்ல?"

மேடத்தின் அறை வாசல்வரை இரண்டொரு தடவை போனாள். கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் முடிவு வந்துவிட்டது. பல்கலைக்கழகப் பதிவேட்டிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். அவளுக்குத் தள்ளுபடி தொடர்ந்தது.

அடுத்த பருவம் தொடங்கியபோது வகுப்பு வகுப்பாகப் போய் மையத்தைப் பற்றிப் பேசும் வேலை அவள் தலையில் விழுந்தது. காலை முதல் வகுப்பு. "எந்தக் கஷ்டமா இருந்தாலும் மறைக்காம வந்து எங்ககிட்ட சொல்லுங்க," என்று சொல்லி நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

வெளியே வந்தால், துப்புரவு ஒப்பந்தக்காரர் கொடுத்த நீலச் சட்டையில் அவன். நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பகல் ஷிஃப்ட் குடுத்துட்டாங்கக்கா," என்று சிரித்தான். "படிக்கிறப்ப இதுக்காக நடையா நடந்தேன், அசையல. இப்ப கேக்காமயே குடுத்தாங்க."

"அப்பா எப்படி இருக்கார்?" என்றாள்.

"இருக்கார். ஓரமாப் போங்க, ஈரம். வழுக்கிடப் போவுது."

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்று பார்த்தாள். உள்ளே பேராசிரியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். வகுப்பு கலைந்ததும் அறையைத் துடைக்க வேண்டும் என்பதால் அவன் வாளியைக் கதவோரம் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான். இன்றைக்கு அவன் நேரத்துக்கு முன்பே வந்திருந்தான்.