இரண்டாம் சான்று

நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பெண், உறவினர் அல்லாத கண்ணியமான இருவரிடம் நன்னடத்தைச் சான்று பெற்று இணைக்க வேண்டும்; இரண்டுக்கு மேல் இணைத்தால் விண்ணப்பம் தள்ளப்படும். இந்த விதியை எழுதியவர் சாந்தோமை ஒட்டிய மீனவர் குப்பத்தைக் கண்டவரல்லர் என்பது ஜெசிந்தாவுக்கு உடனே விளங்கிற்று. அங்கே உறவினர் அல்லாத ஒருவரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவர் கண்ணியமானவராகவும் அமைய வேண்டுமென்பது பேராசை.

முதல் சான்றுக்குச் சிரமம் இருக்கவில்லை. பங்குச் சாமியார் குப்பத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வாசகத்தை எழுதிப் பெயரை மட்டும் மாற்றுவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவனும் ஜெசிந்தாவும் ஒரே அளவு பக்தியும் ஒரே அளவு தேகவலிமையும் உடையவர்கள் என்று அதிலிருந்து தெரிந்தது.

இரண்டாவதை யாரிடம் கேட்பது என்பதுதான் கேள்வி. இடம் கிடைக்காவிட்டால் தை மாதத்தில் ராயபுரத்து மாமன் மகனுக்கு அவளைக் கொடுப்பதென்று பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளையிடம் அவளுக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. அவனுக்கு எந்த நோயும் இல்லை என்பதைத் தவிர.

கேட்கத் தகுந்தவர் இருவர் இருந்தனர். கச்சேரி ரோட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஹபீபுர் ரஹ்மான் சாகிபு, பத்திரப்பதிவு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெசிந்தாவின் தாய் சவேரியம்மாளிடம் வாடிக்கையாக வஞ்சிரம் வாங்குபவர். பேரம் பேசுவதைத் தம் மரியாதைக்குக் குறைவென்று கருதினார். அளவாகப் புகழ்வதையும் அப்படியே கருதினார். மற்றவர், லஸ் பக்கம் சிறிய வைத்தியசாலை நடத்திய டாக்டர் அபயாம்பாள். ஜெசிந்தா பள்ளிப் படிப்பை முடித்ததிலிருந்து அவரிடம்தான் பாட்டில் கழுவினாள். கட்டுத்துணிகளைக் கொதிக்க வைத்தாள். ஊசிக்கு அஞ்சிய குழந்தைகளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அவளுக்கு வழங்கிய மிக உயர்ந்த பாராட்டு ‘சரி’ என்பது. அதையும் அவர் சிக்கனமாகவே செலவிட்டார்.

ஜெசிந்தா சாகிபிடம் போனாள். எவரும் அதைத்தான் செய்திருப்பர்.

சாகிபு அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். பணிவில் இவளுக்கு நிகரான பெண் மதராஸ் மாகாணத்திலேயே இல்லை. இவள் நாவில் கடுஞ்சொல் பிறந்ததில்லை. இவள் முகத்தைக் கண்ட அளவிலேயே பாதி நோய் தீரும். ஜெசிந்தா அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி வீட்டில் படித்துக் காட்டினாள். அவள் தந்தை மரியசெல்வம் வலையைச் சிக்கெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“யார்ம்மா இந்தப் பொண்ணு? நம்ம வூட்லயா கீது?”

சவேரியம்மாள் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. கரையேறும் கட்டுமரம் மீனால் நிறைந்திருந்தாலும், கேட்பவர்களுக்கு ‘ஏதோ கீது’ என்று சொல்லி நகர்வதே குப்பத்து வழக்கம். நிறைந்தது என்று வாய்விட்டுச் சொன்னால் கண்ணேறு படும். மறுநாள் வலை வெறுமையாய் வரும். வயது வந்த பெண்ணை இப்படி எழுத்திலே புகழ்ந்து, முகம் தெரியாத பேர் கையிலெல்லாம் கொடுப்பது, அவள் கணக்கில், மகளை விளக்குக் கம்பத்தில் ஏற்றி ஊருக்குக் காட்டுவதற்குச் சமம். சாகிபு ஒரே ஒரு குறையாவது சேர்த்து எழுத வேண்டும் என்று அவள் பிடிவாதமாய் நின்றாள்.

தாயும் மகளும் மறுநாள் சாகிபின் வாசலுக்குப் போய்க் குறை கேட்டனர். இத்தகைய வேண்டுகோளை அவர் தம் உத்தியோக காலம் முழுவதிலும் கேட்டதில்லை. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குக் குறை எழுதுவது தம் பேனாவுக்கே இழுக்கு என்று வருந்தினார். சவேரியம்மாள் நகர்வதாகத் தெரியாததால், ‘அளவுக்கு மீறி உழைப்பதே இவளது ஒரே குறை’ என்று வேண்டுமானால் சேர்ப்பதாக இறங்கி வந்தார்.

“அது கொறை இல்ல சாயபு,” என்றாள் சவேரியம்மாள். “அது இன்னொரு புகழ்ச்சி.”

திரும்பும் வழியில் அவளுக்கு யோசனை தோன்றிவிட்டது. குறையைத் தவிர வேறெதையும் சொல்லி அறியாத ஒருவர் லஸ்ஸில் இருக்கும்போது சாகிபை ஏன் வருத்த வேண்டும்?

ஜெசிந்தா டாக்டரின் மேசை முன் போய் நின்று சான்று கேட்டாள். அபயாம்பாள் தலை நிமிராமல், அவளைப் புகழ்ந்து எழுத வேறு யாரும் அகப்படவில்லையா என்று கேட்டார். பொய் சொல்ல ஜெசிந்தாவுக்கு அவகாசம் இருக்கவில்லை.

“புகழ்றதுக்கு ஆள் கெடைச்சுது டாக்டரம்மா. கொறை எழுதத்தான் ஆள் இல்ல. அம்மா உங்களாண்ட அனுப்பிச்சுது.”

“சரியான எடத்துக்குத்தான் அனுப்பியிருக்கா,” என்றார் அபயாம்பாள். உடனே எழுதினார்; உறையில் போடாமலே நீட்டினார்.

அன்று மாலை வீட்டில் ஜெசிந்தா அதையும் தமிழாக்கினாள். இவள் கைகள் சுத்தமானவை. கொதிக்க வைக்கச் சொன்னால் கொதிக்க வைக்கிறாள். இரத்தத்தைக் கண்டு மயங்குவதில்லை. இந்த இடத்தில் அவளுக்கு இருமல் வந்தது. அடுத்த பத்திக்குத் தாவினாள்.

“இன்னாத்த முழுங்கற? முழுசா படி,” என்றாள் தாய்.

ஜெசிந்தா படித்தாள். இவளுடைய நாக்கு கடுமையானது. ஒரு நாள் கட்டுப் போடும் அறைக்குள் மீன்கூடையுடன் நுழையப் போன பெண்மணியை வாசலிலேயே மறித்து விரட்டினாள். அந்தப் பெண்மணி இவளைப் பெற்ற தாய். விரட்டியது சரி, விரட்டிய சொற்கள் சரியல்ல. அந்தச் சொற்களை மாற்றுவதற்கு இவளுக்குப் பயிற்சி தேவை. பயிற்சிக்கு இவளைப் பரிந்துரைப்பதன் காரணம் அதுவே.

மரியசெல்வம் வலையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. விரட்டப்பட்ட அன்றைக்குத் தெரு முழுவதும் அழுதுகொண்டே சவேரியம்மாள் வீடு திரும்பியது எல்லாருக்கும் நினைவிருந்தது.

“இத்தையே அனுப்பு,” என்றாள் அவள். “அந்தம்மா உன்னப் பாத்துகீது. சாயபு எம் மீனத்தான் பாத்துகீறாரு.”

அனுப்புவது தாய்க்கு எளிது. தன்னைப் பற்றிய பழியைத் தன் கையாலேயே இணைக்க வேண்டியவள் மகள். மருத்துவமனை அலுவலகத்தின் வாசலில் ஜெசிந்தா இரண்டு கடிதங்களையும் பிடித்துக்கொண்டு நின்றாள். சாகிபின் கடிதத்தைக் கொடுத்தால், அதில் கண்ட பெண் நாள்தோறும் வேலைக்கு வந்தாக வேண்டும். அவளை எங்கே போய்த் தேடுவது? டாக்டர் எழுதிய பெண்ணோ ஏற்கெனவே வாசலில் நின்றாள். அவள் அதையே இணைத்தாள்.

நேர்காணலில் தலைமை நர்ஸ், ஒரு வெள்ளைக்காரி, ஒன்றே ஒன்றைத்தான் துருவிக் கேட்டாள்: அன்று தாயிடம் சொன்ன சொற்கள் எவை? ஜெசிந்தா அவற்றைத் தமிழில் ஒன்றுவிடாமல் சொன்னாள். மொழிபெயர்க்க வேண்டிய குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மீண்டும் அணிந்தார், பெண் சற்றுக் கண்டிப்பாகப் பேசியதாகத் தெரிவித்தார். தலைமை நர்ஸ் குமாஸ்தாவின் சிவந்த காதுகளைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, கூடை உள்ளே வந்ததா என்று கேட்டாள்.

“வரல,” என்றாள் ஜெசிந்தா. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இடம் கிடைத்த செய்தியை அவள் ஓட்டமும் நடையுமாக லஸ்ஸுக்குக் கொண்டுபோனாள். அபயாம்பாள் ஒரு குழந்தையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்த பிறகே கேட்டார்.

“என்னிக்குச் சேரணும்?”

“திங்கக்கெழமை, டாக்டரம்மா.”

“அப்படின்னா சனிக்கெழமை வரைக்கும் பாட்டில் அலம்பலாம்,” என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த குழந்தையை அழைத்தார்.