இடித்த இடத்தில்

சுரேந்திரன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அக்கா ராணி நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை.

"கோயிலுக்குப் போற வழியில அந்த ஜெபவீடு வேணாங்கிறாங்கக்கா கோயில்காரங்க. மச்சான விட்டுறச் சொல்லு. இந்த வாட்டி சுவத்த இடிக்கிறதோட நிக்க மாட்டாங்க."

"போன வாட்டி இடிச்சப்ப நீயும் இருந்தியாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

லம்பா லைன் குடியிருப்புக்குப் பின்னால் மேட்டில் அந்த ஜெபவீடு மறுபடியும் எழும்பிக்கொண்டிருந்தது. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு, முகாமின் தகரக் கொட்டகையில்தான் ராணியின் புருஷன் யோகராஜ் ஒரு பாஸ்டரிடம் வேதம் கேட்க ஆரம்பித்தான். ராணி முருகனை விடவில்லை. அவனும் விடச் சொல்லவில்லை. இடிந்து கிடந்த எருசலேம் மதிலைக் கட்டிய நெகேமியாவைப் பற்றிப் பாஸ்டர் படித்த நாளிலிருந்து, கொத்தனாரான அவனுக்கு அதே பேச்சு. கொல்ல வருகிறார்கள் என்று பயமுறுத்தியும் அந்த மனிதர் ஓடி ஒளியவில்லையாம். கட்டுகிறவர்கள் ஒரு கையில் வேலையும் மறுகையில் ஆயுதமுமாக நின்றார்களாம். யோகராஜிடம் சாந்துக் கரண்டி மட்டும்தான் இருந்தது. படித்துக் காட்டிய பாஸ்டர் போன வாரமே மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

ராணி மேட்டுக்கு ஓடினாள். யோகராஜ் வெயிலில் தனியாகக் கல் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பாஸ்டரே போயிட்டாரு. உங்களுக்கு மட்டும் என்ன?"

"சிலோன்ல போன்னாங்க, கச்சாலுக்கு வந்தோம். கடல் வெரட்டுச்சு, இங்க வந்தோம். இனி எங்க போறது ராணி?"

"ஷீலாவ நெனச்சீங்களா?"

மகள் பெயரைக் கேட்டதும் அவன் கை நின்றது. கரண்டியை மறுகையில் மாற்றிக்கொண்டு உள்ளங்கையை லுங்கியில் துடைத்தான்.

"பயமாத்தான் இருக்கு," என்றான். "அந்த மனுசனுக்கும் இருந்திருக்கும்ல?"

கீழே பைக்குகளின் சத்தம் கேட்டது. முதல் வண்டியில் சுரேந்திரன் இருந்தான். தம்பியைக் கூப்பிட்டுக் கெஞ்சுவதா, புருஷனைப் பிடித்து இழுப்பதா?

"சாந்து," என்றான் யோகராஜ், திரும்பாமல்.

ராணி சட்டியைத் தூக்கினாள். கொடுக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. விளிம்பில் வழிந்த சாந்து, வளையல்களைத் தாண்டி அவள் முழங்கைவரை இறங்கியது. கீழே வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன.