வாஷிங் மெஷின் மட்டும் வேண்டாம்

விற்கிற வீட்டோடு எதையெல்லாம் விட்டுவிட்டுப் போவது என்று மகன் அறை அறையாகக் கை காட்டிக்கொண்டே வந்தான். பின்னால் வந்த அம்மா ஏசிக்குத் தலையாட்டினாள். ஃப்ரிட்ஜுக்கும் கீஸருக்கும் ஆட்டினாள். குளியலறையை ஒட்டி நின்ற வாஷிங் மெஷின் முன்னால் வந்ததும் அவள் தலை ஆடவில்லை.

"இது வேண்டாம்ப்பா. பழைய சாமான் கடைக்குப் போட்டுடு."

"ஏம்மா, நல்லாத்தானே ஓடுது? வீடு பாக்க வந்தப்பவே அந்தப் பொண்ணு இதைத்தான் சுத்திச் சுத்திப் பாத்துச்சு." அவன் சிரித்தான். "சுத்தப் பைத்தியத்துக்கு மெஷினைப் பிரிய மனசு வரலையாக்கும்."

அந்தப் பட்டத்தை அவளாகத்தான் வாங்கிக்கொண்டாள். அவள் கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். வெள்ளைப் பேன்ட்டில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வீட்டையே ரெண்டாக்கிவிடுவார். படுக்கையில் விழுந்த பிறகு, முதன்முதலாக விரிப்பு நாசமான காலையில், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "புள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்" என்றார். அவளிடம் அவர் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான். அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். விரிப்பை மட்டும் தினம் துவைத்தால் ஏனென்று கேட்பார்களே என்று ஜன்னல் திரை, தலையணை உறை, மடித்துவைத்த நல்ல துணி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாள். வாரம் ஒருமுறை வந்துபோகும் பிள்ளைகள், வரும்போதெல்லாம் மெஷின் ஓடுவதைப் பார்த்துக் கிண்டல் செய்தார்கள். மருமகள் முகத்தைச் சுளித்தாள். அவர் போன பிறகும் யாருக்கும் தெரியாது.

இப்போது அதே மெஷினை இன்னொருத்தி வீட்டுத் துணிக்குக் கொடுப்பதா? சொல்லாமல் கொடுத்தால் அந்தப் பெண்ணை ஏமாற்றியதாகும். சொன்னால் எப்படியும் பிள்ளைகள் காதுக்குப் போகும், சத்தியம் போச்சு. அவர் போய்விட்டார், அதனால் வாக்கும் போய்விட்டது என்று நினைக்க அவளுக்கு வரவில்லை. உடைத்துப் போட்டுவிட்டால் ரெண்டு வம்பும் இல்லை.

சாயங்காலம் வீட்டை வாங்குகிற புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ஆண்கள் இருவரும் ஹாலில் ஏசிக்கு என்ன வயசு என்று பேச உட்கார்ந்துவிட, அந்தப் பெண் நேராக மெஷினிடம் வந்துவிட்டாள்.

"இதைத் தர மாட்டீங்களாமே ஆன்ட்டி?"

"ரொம்பப் பழசும்மா. புதுசா ஒண்ணு வாங்கிக்கோ."

"புதுசு வேணும்னா, எங்க ரெண்டு பேர் துணிக்கும் அவரோட அம்மா துணிக்கும் எதுக்கு மெஷின்னு அவர் கேப்பார்." மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். "பெரிய பெட்ஷீட் எத்தனை போடலாம், ஒரே தடவையில?"

மூடியைப் பிடித்திருந்த விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப்போயிருந்தன. நகக்கண்களில் தோல் உரிந்திருந்தது. இந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு போடலாம்" என்றாள். பிறகு, தன்னையறியாமல், "முதல்ல பச்சைத் தண்ணில ஓட விடணும்மா. எடுத்த எடுப்புல சுடுதண்ணி விட்டா கறை பிடிச்சுக்கும், வாடையும் போகாது" என்றாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"மாமியாருக்கு ஆன்ட்டி. அவர் வேலைக்குப் போனதும் கையாலேயே துவைச்சுக் காயப்போட்டுடுவேன். புள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துக் கேட்டாள். "உங்க வீட்ல யாருக்கு?"

அதற்குள் ஹாலிலிருந்து மகன் குரல் கொடுத்தான். "அம்மா, மெஷின் என்னாச்சு? இருக்கா, இல்லையா?"

"இருக்கட்டும்ப்பா."

குழாயைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். காலி மெஷினுக்குள் தண்ணீர் தடதடவென்று இறங்கியது. அந்தச் சத்தத்தைத் தாண்டி ஹாலுக்கு எதுவும் கேட்காது. தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். அந்தப் பெண் இன்னும் ஒரு அடி கிட்டே வந்து, கூந்தலை ஒதுக்கிவிட்டு, காதைக் கொடுத்தாள்.