எந்தப் பத்தாயம்?

அகிலாண்டம் மரப் பத்தாயத்தைத் துடைத்து, ஒட்டடை அடித்து, கொழுந்தன் எடுத்துப்போகத் தயாராக வைத்திருந்தாள். மனசில்லாமல்தான். நெல் கொட்டிவைக்க அவ்வளவு பெரிய தேக்குப் பெட்டி கூத்தாநல்லூர் வட்டாரத்திலேயே இன்னொன்று கிடையாது என்பது அவள் கட்சி. ஆனால் பாகம் பிரித்த அன்று சதீஷ், "வீடும் வீட்டுச் சாமானும் அண்ணனே வச்சுக்கட்டும். எனக்கு வாய்க்காலோரத்து நிலமும் பத்தாயமும் போதும்" என்று பங்காளிகள் முன்னால் சொல்லிவிட்டான். அவள் புருஷன் வைரக்கண்ணுவும் தலையை ஆட்டிவிட்டார். தலையை ஆட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சதீஷ் தஞ்சாவூரிலிருந்து வந்தான். லோடு வண்டி இல்லை, கார். கையில் புதுக் கழுத்துப்பட்டையும் சங்கிலியும். நேரே கூடத்துக்குப் போய், அங்கே கிடந்த நாயின் முன்னால் உட்கார்ந்தான்.

"பத்தாயம், போலாமா?"

நாயின் பெயரும் அதுதான். அவன் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது ஒரு லீவில் நாகப்பட்டினத்திலிருந்து தூக்கிவந்த குட்டி. மரப் பத்தாயத்துக்கு அடியிலேயே ஒண்டிக் கிடந்ததால் அந்தப் பெயரை வைத்தார்கள். பிற்பாடு உடம்பும் பெயருக்கேற்றபடி ஊதிக்கொண்டது. திருடன் வந்தாலும் அவன்தான் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

பெரிய மரப்பெட்டியே போகட்டும் என்று விட்ட அகிலாண்டம், இதை விட முடியாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள். எதிர்வீட்டிலிருந்து புருஷனின் பெரியப்பா மருதையனைக் கூப்பிட்டுவந்தாள். பாகம் பிரித்துக் கொடுத்தவர் அவர்தான்.

"அன்னிக்கு சாமானைப் பத்திப் பேசுன பேச்சு மாமா. நாய் சாமானா?" என்றாள்.

"சாமான்தான் பெரியப்பா" என்றான் சதீஷ். "சாமான்னா என்ன? வச்ச எடத்துல இருக்கணும். இது இருக்கு. மேல தூசி படியணும். படிஞ்சிருக்கு, பாருங்க."

"சாமான் சோறு திங்குமா தம்பி?"

"கிரைண்டர் கரண்ட் திங்கலயா அண்ணி?"

"போன மாசம் மாட்டு டாக்டரக் கூட்டியாந்து ஊசி போட்டோம். சாமானுக்கு ஊசி போடுவாங்களா?"

"போர்செட்டு மோட்டார் படுத்துக்கிட்டா மெக்கானிக்கக் கூப்புடறதில்லையா?"

மருதையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வரப்புத் தகராறும் தண்ணீர் முறைத் தகராறும் தீர்த்துச் சலித்த மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்கப்பா. இது அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?"

மூவரும் நாயைப் பார்த்தார்கள். அது ஒரு கண்ணைத் திறந்து, பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது.

"அசையல" என்றார் மருதையன். "அசையாச் சொத்துன்னா வீட்டோட சேந்ததாச்சே."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று அகிலாண்டம் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "வீடு எங்க பங்கு. வீட்டோட சேந்தது எங்களோடதுதான்."

"இப்பத்தானேம்மா சாமானே இல்லன்ன?"

"இப்ப யோசிச்சுப் பார்த்தேன் மாமா, சாமான்தான்."

வெட்கமெல்லாம் அப்புறம் பட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். இனி சதீஷ் நாய்க்கு உயிர் உண்டு, மனசு உண்டு என்று கட்சி மாறுவான், மடக்கலாம் என்று பதிலும் தயார் செய்துகொண்டாள். அவன் மாறவில்லை. சங்கிலியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"அந்தத் தேக்குப் பத்தாயத்தையே எடுத்துக்குங்களேன் தம்பி. வெளியில அதுக்கு என்ன மதிப்பு தெரியுமா?"

"அத எங்க அண்ணி வைக்கிறது? ஃபிளாட்ல சோபா இருக்கு, டிவி இருக்கு, எல்லாம் இருக்கு." விவாகரத்தாகி மனைவி போனபிறகு அவன் அந்த ஃபிளாட்டில் தனியாக இருந்தான். "வேலை முடிஞ்சு கதவைத் தொறந்தா, யாரு வந்ததுன்னு தலையைத் தூக்கிப் பாக்கத்தான் ஒண்ணும் இல்ல."

"அதுக்கு ஏன் சாமான்னு சொன்னீங்க?"

"சாமான்னு சொன்னாத்தானே அண்ணி பங்குல குடுப்பீங்க."

மருதையன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அகிலாண்டத்துக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கழுத்துப்பட்டையை வாங்கித் தானே மாட்டிவிட்டாள்.

"சங்கிலி வேணாம், ஓடாது. மீன் முள்ளு போட்டுடாதீங்க. ஃபேனுக்கு நேரா படுக்க விடாதீங்க, சளி புடிச்சிக்கும்."

நாய் எழுந்திருக்கும் உத்தேசத்தில் இல்லை. பழைய போர்வையில் உருட்டிப் போட்டு மூன்று பேரும் தூக்கினார்கள். காருக்குள் தள்ளுவதற்குள் மருதையனுக்கு மேல்மூச்சு வாங்கியது.

"சந்தேகமே இல்ல, சாமான்தான்" என்றார்.

கார் திரும்பி மதகைத் தாண்டும்வரை அகிலாண்டம் தெருவில் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். இவ்வளவு நேரமும் வெளியே வராத வைரக்கண்ணு, அறையில் கட்டில்மேல் சாய்ந்து செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டானா?" என்று போனைப் பார்த்தபடியே கேட்டார். "நல்லவேளை, தேக்குப் பத்தாயம் தப்பிச்சுது."

அகிலாண்டம் கட்டிலையும் அதன்மேல் சாய்ந்திருந்தவரையும் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "சாமானெல்லாம் வச்ச எடத்துல அப்படியே இருக்கு."