புழு தின்ற இலை

பஞ்சு வியாபாரி மூட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு விலை கேட்க ஆளில்லாமல் போய்விட்டதுபோல், அன்று காலை தேயிலை மலை முழுக்கப் பனி கிடந்தது. எஸ்டேட் பிள்ளைக் கொட்டகையின் முன்னே ஆயா ரஞ்சிதம் குந்தியிருந்தாள். சுற்றி ஒன்பது பிள்ளைகள். கொழுந்து கிள்ளப் போன தாய்மார் விட்டுப்போன செல்வங்கள். நடுவே அவள் உள்ளங்கையில் ஒரு பொறிவண்டு. இந்தப் பக்கம் மூன்று புள்ளி, அந்தப் பக்கம் மூன்று புள்ளி. மொத்தம் ஆறு. சட்டென்று பறந்தது.

"இப்ப எத்தனை?"

"ஒண்ணுமில்ல!" ஒன்பது வாயும் பனியை ஊதின.

எழுபத்தெட்டாம் வருஷத்தில் அங்கே கரும்பலகை ஏது? வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கை நாலு, சிலந்திக்குக் கால் எட்டு, அதுதான் பாடம். சில நேரம் பனிக்குள் எண்களே சிறகடித்துத் திரிவதாக ரஞ்சிதத்துக்குத் தோன்றும்.

ஆனால் எஸ்டேட் மேலாளரான துரையின் காதுக்கு எட்டியது வேறு: ஆயா பூச்சி பிடித்து விளையாடுகிறாள். கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி ரெங்கசாமி போய்ச் சோதிக்கட்டும். பிள்ளைகளுக்குக் கணக்கு வராவிட்டால் வகுப்பை மூடிவிட்டு, திங்கட்கிழமை முதல் அவளும் கொழுந்து கிள்ளக் கூடை தூக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

கிராணி மத்தியானம் வந்தார். நிறுவைக்கு வந்த பெண்களும் கூடையோடு வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர் பக்கத்துச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி, ஐந்து வயதுப் பவளத்திடம் நீட்டினார். அதில் ஒரு பச்சைப் புழு அசைந்தாடி ஊர்ந்தது.

"எத்தனை இலை?"

பவளம் உற்றுப் பார்த்தாள். "ஒண்ணு."

"கண்ணுக்கு முன்னால ரெண்டு இருக்கு, ஒண்ணாம்! ரஞ்சிதம், கூடைய எடுத்துக்கலாம்லா."

ரஞ்சிதம் பவளத்தின் முன்னே குனிந்தாள். "ஏன் கண்ணு ஒண்ணுன்னு சொன்ன?"

"இன்னொண்ண புழு பாதி தின்னுருச்சுக்கா. எங்கம்மா கூடையில இருந்தா கிராணி ஐயா நிறுக்காம தூக்கிப் போட்டுருவாரே."

கூட்டத்தில் வேலம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஐயா ரெண்டுன்னுட்டாரு, கேட்டீங்களாடி? இனி சொத்தை இலையும் நிறுவைல சேத்தி!"

வாங்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் சந்தை நடுவே மாட்டிய தரகனைப்போல் விழித்தார் ரெங்கசாமி. இரண்டு என்றால் சொத்தை இலைக்கும் கூலி, தராசு தொலைந்தது; ஒன்று என்றால் பிள்ளை சொன்னதே சரி.

"ஒண்ணுதான்லா," என்றார் கடைசியில். நோட்டை விரித்து, 'கணக்கு வருகிறது, வகுப்பு நடக்கலாம்' என்று எழுதினார்.

கிராணி குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, புழுவையும் சேத்தா ரெண்டாச்சும் வருமில்ல?"

"அத எதுக்கு சேக்கணும்?" என்றாள் பவளம். "அது சாப்பிட வந்துருக்கு."