அவள் கூட்டல் பதினெட்டு

சித்தப்பா காரின் முன்பக்கத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி, மூச்சைப் பிடித்துத் தள்ளினார். கார் முனகியது. நகரவில்லை.

“தள்ளாதீங்க சித்தப்பா! ஸ்டாண்டு சாஞ்சிடும்.” அவள் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள்.

“என்ன ஸ்டாண்டு?”

காரைப் போர்த்தியிருந்த சாம்பல் நிற உறையின் ஓரத்தை அவள் தூக்கிக் காட்டினாள். கீழே நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் கார் உட்கார்ந்திருந்தது. சக்கரம் இருக்க வேண்டிய இடங்களில் பிரேக் தட்டுகள் மட்டும் பளபளத்தன.

“சக்கரம் எங்கம்மா?”

“இல்ல.”

“இல்லைன்னா? ஆளு போனா சக்கரமும் கூடவே போயிடுமா?” சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவள் அண்ணனை எடுத்துப்போக வேன் வரும். கேட்டிலிருந்து வீட்டு வாசல்வரை இருக்கும் இடமெல்லாம் அந்த ஷெட்தான். ஷெட் முழுக்க அந்தக் கார்தான். காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்தால் வரலாம். காலையிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் வயிற்றை எக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து விடிகாலையில் கொண்டுவந்தபோதும் இரண்டு பேர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் துணியோடு தூக்கி, சாய்த்துச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். பெரிய சிரமம் இருக்கவில்லை. “ஒண்ணுமே கனமில்லையே” என்று அவர்களில் ஒருவன் சொன்னது அவள் காதில் விழுந்தது.

இப்போது பெட்டியில் வைத்தாயிற்று. ஆளை வைத்த பெட்டியைச் சாய்க்க முடியாது.

“சாயங்காலம் வரைக்கும் இப்படியே பாத்துக்கிட்டு நிக்கப் போறியா?” என்றார் சித்தப்பா.

“நட்டு வர்றான். சக்கரத்தோட.”

நட்டு என்பது அண்ணன் வேலை பார்த்த வீல் அலைன்மெண்ட் கடையில் கூட வேலை செய்பவன். ஆள் சின்ன உருவம், கெட்டியான உடம்பு. பெயர் வைத்தது அண்ணன்தான். அதற்குப் பதிலாகக் கடையில் இருப்பவர்கள் அண்ணனுக்கு வைத்த பெயர் நூல்காரர். எந்த வண்டி வந்தாலும் அண்ணன் குனிந்து, நூலளவு விலகலையும் பார்த்துவிட்டு, “ஒரு நூல் இடது பக்கம் இழுக்குது” என்பான். மெஷினில் ஏற்றினால் அவன் சொன்னது சரியாக இருக்கும்.

உள்ளே சித்தி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பாள். “ஒரே வீடு. ஒரே சமையல். இவளுக்கு ஒண்ணுமே தெரியலையாம். கண்ணாடிக் கடையில வேலை. ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் சரி பண்ணத் தெரியுது.”

முந்தாநாள் டாக்டரும் இதையேதான் கேட்டாள். கடையில் மயங்கி விழுந்த அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, போர்வையை விலக்கி விலா எலும்புகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “இது ஏழெட்டு மாசமா இருந்திருக்கணும். எடை விழுந்திருக்குமே. வீட்டுல யாரும் கவனிக்கலையா?” கோபமாகக் கேட்கவில்லை. தாளில் எழுத வேண்டியிருந்ததால் கேட்டாள். பேனா காத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தை டாக்டர் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

அந்தக் காலியிடம் இரண்டு நாளாக அவள் கூடவே வருகிறது.

கவனிக்கவில்லைதான். வீட்டிலும் அவன் கடையின் தொளதொள நீலச் சட்டையிலேயே இருப்பான். அவள் சோறு எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அவன் எப்போது சாப்பிட்டான், எவ்வளவு சாப்பிட்டான் என்று பாத்திரம் சொல்லாது, அவனே கழுவிக் கவிழ்த்துவிடுவான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவன் வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு அவள் இந்த வாசலில் வந்து நின்றபோது, அண்ணன் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். ஏன் வந்தாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அதை அவள் பெரிய உபகாரமாக எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு அவளும் அவனை எதுவும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த வீட்டில் மரியாதை.

காரின் உறையை முழுவதும் உருவி மடித்தாள். கருநீல நிறம், நான்கு கதவு. பார்த்தால் யாரோ ஆபீஸ் போகிறவரின் கார் மாதிரி சாதுவாக இருக்கும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது, வளைவில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பான் அண்ணன். மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து மாற்றினான். முதலில் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்கும் டேம்பரும். அப்புறம் வளைவில் வண்டி சாயாமல் பிடிக்க, முன்னும் பின்னும் குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் கம்பி. அப்புறம், இரண்டு வாரத்துக்கு முன்னால், பெரிய பிரேக். கடைசியாகச் சக்கரம்: பழசைக் கழற்றியாயிற்று, புதுசு டயர் போடக் கடையில் இருந்தது. தேவையில்லாத எடையையெல்லாம் கழற்றினான். பின்சீட்டைக் கழற்றினான். பக்கத்து சீட்டில் கைவைத்தபோது மட்டும் அவளிடம் கேட்டான்.

“இது உனக்கு வேணுமா?”

“எனக்கு எங்க போகணும்?” என்றாள் அவள்.

கழற்றிவிட்டான். இப்போது காரில் ஒரே ஒரு சீட்டுதான். இடுப்பைக் கவ்விப் பிடிக்கிற, ஒடுக்கமான சீட்டு.

அந்தச் சீட்டில் அவனைவிட அவள்தான் அதிகம் உட்கார்ந்திருக்கிறாள்.

கடையிலிருந்து நான்கு எடைப் பலகைகளை ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கி வருவான். சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்து, எந்த மூலை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்து ஸ்பிரிங்கை ஏற்றி இறக்குவான். ஓட்டுகிறவன் உள்ளே உட்கார்ந்திருந்தால்தான் கணக்கு சரியாக வரும். ஆனால் ஓட்டுகிறவனே அடியில் படுத்து ஸ்பிரிங்கைத் திருக வேண்டுமே. “நீ போய் நானா உட்காரு” என்றான் முதல் முறை. அவள் ஐம்பத்துநாலு கிலோ. அவன் எழுபத்திரண்டு. மிச்சத்துக்கு அவனுடைய பழைய காக்கி பேண்ட் கால்களை வெட்டி, ஆறு பைகள் தைத்துக் கொடுத்தாள். அவன் மணல் நிரப்பி, நிறுத்து, மேலே எண் எழுதினான். ஐந்து, ஐந்து, மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. ஆறையும் அவள் மடியில் அடுக்கினான். தொடை மரத்துப்போகும். ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல், கண்ணாடி வழியாக ஷெட் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காருக்கு அடியில் ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்கும். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அது.

நட்டு வந்துவிட்டான். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாக மார்போடு அணைத்து இறக்கினான். டயர் போட்டு பேலன்ஸ் பார்த்துக் கொண்டுவந்திருந்தான். மங்கிய வெண்கல நிறம், மெல்லிய ஆரக்கால்கள்.

“உள்ள போய்ப் பாத்துட்டு வாப்பா” என்றார் சித்தப்பா.

“வேலைய முடிச்சிட்டுப் பாக்கறேங்க.” அவன் வீட்டு வாசல் பக்கம் திரும்பவே இல்லை. “பாதி வேலையில போய் நின்னா திட்டுவாரு.”

“இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? பழைய சக்கரம் நாலு கடையில கிடக்குமே. மாட்டித் தள்ளிட வேண்டியதுதானே?”

“மாட்ட முடியாதுங்க. பிரேக்கு பெரிசாயிடுச்சு, பழசு இடிக்கும். அண்ணன் வேணும்னேதான் பண்ணாரு. ‘திரும்பிப் போற வழிய அடைச்சிட்டேன்டா நட்டு’ன்னாரு.”

“ஒண்ணு ரெண்டு மாட்டினாப் போதாதா?”

“நாலும் ஒண்ணா இழுக்கற வண்டிங்க. நாலும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு தேஞ்சு ஒண்ணு புதுசா இருந்தாக்கூட நடுவுல இருக்கற கியர் பெட்டி சூடாகி செத்துடும்.”

“தள்ளத்தானேய்யா போறோம்.”

“தள்ளறதுன்னாலும்” என்றான் நட்டு.

நட்டு ஒவ்வொரு சக்கரமாக மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டை உருவி இறக்கினான். இறுக்கும் ரென்ச்சை எடுத்தவன் நின்றான்.

“அக்கா, எவ்வளவு இறுக்கணும்னு நோட்டுல எழுதியிருப்பாரே. பாத்து சொல்றீங்களா?”

நோட்டு ஷெட் சுவரில் ஆணியிலிருந்து கயிற்றில் தொங்கியது. அது அவனுடையது என்பதால் இதுவரை அவள் திறந்ததில்லை. கிரீஸ் விரல்பட்ட அட்டை. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

“நூத்திப் பத்து.”

ரென்ச் ஒவ்வொரு நட்டிலும் ‘டக்’ என்று சொன்னது. நட்சத்திரம் போடுவதுபோல எதிரெதிராக இறுக்கிக்கொண்டு போனான். அவள் நோட்டை மூடாமல் நின்றாள். காற்றில் பக்கம் புரண்டது. கோடு போட்ட பட்டியல்: தேதி, நான்கு மூலைகளின் எடை, ஸ்பிரிங் எத்தனை சுற்று. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, ‘ஓட்டுநர்’.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், ‘அவள் + 18’.

அடுத்ததில், ‘அவள் + 13’.

‘அவள் + 9’.

‘அவள் + 4’.

அவள் கை நோட்டின் மேலேயே இருந்தது. ‘+ 13’ எழுதிய ஞாயிறு உட்கார்ந்தபோது, “ஒரு மூட்டை குறையுதே?” என்று கேட்டாள்தான். அது ஒன்றுதான் அவள் கேட்ட கேள்வி. “புது செட்டிங்குக்கு இது போதும்” என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் உட்காருவதற்கு முன்னால் அவன் எடைப் பலகை ஒன்றின் மேல் ஏறி நின்று, கையிலிருந்த, எடையைக் காட்டும் சின்னப் பெட்டியைப் பார்த்துவிட்டு இறங்குவான். பலகையைச் சோதிக்கிறான் என்று நினைத்திருந்தாள். மடி வலிக்காமல் போனது அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

கடைசி வரி மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. அன்று அவளே மூட்டைகளை எடுக்கப் போனாள். “வேண்டாம். இன்னிக்கு நீ மட்டும் போதும்” என்றான். அன்று ஏனோ அவளுக்கு மனசு லேசாக இருந்தது. வெறும் மடியோடு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டு ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்தாள். அடியில் ஸ்பேனர் சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. அவன் களைத்துப்போய் நிறுத்தினானா, கேட்டுக்கொண்டிருந்தானா, தெரியவில்லை.

அந்தத் தேதிக்கு நேரே கட்டத்தில் ‘அவள்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாமல்தான் இருந்தது. மடிக்குத் தெரிந்திருந்தது.

“முடிஞ்சுதுக்கா” என்றான் நட்டு. “யாராவது உள்ள உக்காந்து ஸ்டியரிங்கப் பிடிக்கணும். நாங்க தள்றோம்.”

“நான் உக்காரறேன்” என்று சித்தப்பா கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே விட்டார். அந்தச் சீட்டு அவரை வாங்கிக்கொள்ளவில்லை. பாதி உள்ளே பாதி வெளியே மாட்டிக்கொண்டு, நட்டு இழுக்க வெளியே வந்தார். “மனுஷன் உக்காரற சீட்டா இது? சோடா பாட்டில் மாதிரி இருக்கு.”

கூட நின்ற பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

அவள் நோட்டை ஆணியில் மாட்டினாள். போய் உட்கார்ந்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

நான்கு பேர் தள்ளினார்கள். புதுச் சக்கரங்கள் முதல் சுற்று சுற்றின, சத்தமே இல்லாமல். ஷெட்டின் சுவர் பின்னுக்குப் போயிற்று. மூன்று வருஷமாக அந்தக் கண்ணாடியில் சுவரைத் தவிர வேறெதையும் அவள் பார்த்ததில்லை. இப்போது கேட் கம்பி, எதிர்வீட்டு மரம், அடிக்கிற வெயில், தெரு. ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நட்டு முன்னால் வந்து குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சக்கரங்களைப் பார்த்தான்.

“எப்படி நிக்குது?” என்று அவள் கேட்டாள்.

“நேரா நிக்குதுக்கா. ஒரு நூல்கூட இல்ல.” அவன் நிமிர்ந்து கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். “இப்பப் போய்ப் பாக்கறேன்” என்றான்.

தெருமுனையில் வேன் திரும்புவது தெரிந்தது. சித்தப்பா கையை ஆட்டிக்கொண்டு அதை நோக்கி ஓடினார். வாசலிலிருந்து சித்தி கூப்பிட்டாள். “ஏம்மா, இறங்கி வா. நேரமாச்சு. முகத்தப் பாக்க வேண்டாமா?”

“நட்டு.”

“சொல்லுங்கக்கா.”

“ஷெட்டு அலமாரியில கீழ் தட்டுல மணல் மூட்டை இருக்கும். எடுத்துட்டு வா.”

“எத்தன?”

“எல்லாம்.”

அவன் எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு நடையாகப் போய் எடுத்து வந்தான். கதவைத் திறந்து, அவள் மடியில் ஒவ்வொன்றாக வைத்தான். ஐந்து. ஐந்து. மூன்று. இரண்டு. இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கார் ஒரு துளி தாழ்ந்தது. ஒன்று என்று எழுதிய கடைசிப் பையை அவள் கையை நீட்டி வாங்கி, தானே மேலே வைத்துக்கொண்டாள். காக்கித் துணி வெயிலில் சூடாக இருந்தது.

வேன் பீப், பீப் என்று கத்திக்கொண்டு, காலியான ஷெட்டுக்குள் பின்பக்கமாகப் போனது. அது முழுவதும் உள்ளே போய் நிற்கும்வரை அவள் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.