எவாரிஸ்தோவின் திருக்கை நடனம்

எவாரிஸ்தோவின் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டி, முகத்தில் ஊதினேன். "மூச்சை இழு. இழுய்யா."

இழுத்தான். இருமினான். கண் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை நன்றி அல்ல.

"யாரு உன்னைத் தொடச் சொன்னது?"

கோசுமெல் தீவு விழாவில், கடலுக்கடியில் ஒரே மூச்சில் ஆடும் ஒற்றை மூச்சு நடனத்துக்கு இருக்கும் விதி இதுதான்: ஆடுபவர் மயங்கினால் மட்டுமே காவலுக்கு நிற்கும் என்னைப் போன்றவர் தொடலாம். மயங்காதவரைத் தொட்டால் அவருக்கு மறு வாய்ப்பு. என் உரிமம் பறிபோகும். பதினான்கு வருடமாக அந்த உரிமத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

இவன் தலைநகரத்து ஆள். திருக்கை மீனின் அசைவை நீச்சல் குளத்தில் கற்றவன். முதுகில் ஒரு திருக்கையைப் பச்சை குத்தியிருக்கிறான். அதற்குச் சாட்டை வால் இருக்க வேண்டிய இடத்தில் மீன் துடுப்பு.

படகில் துண்டைப் போர்த்திக்கொண்டு தோன்யா என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் நடுவர் கஸில்தாவிடம் முறையிட்டான்.

"நான் மயங்கவே இல்ல தோன்யா. எல்லாம் ஞாபகம் இருக்கு. மணலுக்கு மேல மூணு சுத்து சுத்தினேன். சிறகை விரிச்சேன். உச்சத்துக்குப் போறப்ப இவ பாஞ்சு வந்து கழுத்தைப் பிடிச்சா."

மயங்கி எழுந்த எல்லோரும் இப்படித்தான் சத்தியம் செய்வார்கள். இவன் கூடுதலாகக் கண்ணீரும் விட்டான்.

"நெரெய்தா, கடைசி வரைக்கும் அவன் கை அசைஞ்சுதேம்மா," என்றார் கஸில்தா. அவர் பார்த்தது படகின் கண்ணாடித் தரை வழியாக. "முப்பது வருஷத்துல இப்படி ஒரு திருக்கையை நான் பாத்ததில்ல. அந்தக் கடைசிப் பகுதிக்கு முழு மார்க் போட்டிருக்கேன்."

"அவன் கால் தொங்கிப் போச்சு தோன்யா. நீங்க மேலேருந்து முதுகைத்தான் பாத்தீங்க. மணல்ல வச்ச கேமரா மூஞ்சியப் பாத்திருக்கும். போடுங்க."

"போடட்டும்," என்றான் எவாரிஸ்தோ. "முடிஞ்சதும் உரிமத்தை நீயே கழட்டிக் குடுத்துடு."

படம் ஓடியது. முதல் சுற்று. இரண்டாவது சுற்று வரவே இல்லை. திரையில் அவன் கண் செருகி, தாடை தொங்கியது. கைகள் மட்டும் மெதுவாக எழுந்தன, தாழ்ந்தன. நான் மேலிருந்து வந்து சேரும்வரை, மூலையில் ஓடிய கடிகாரத்தில் பன்னிரண்டு நொடி.

கஸில்தா முழு மதிப்பெண் போட்டிருந்தது அந்தப் பன்னிரண்டு நொடிக்குத்தான். அவ்வளவு நேரமும் ஆடியது நீரோட்டம்.